தழும்புள்ள இருதயமும் அதன் கணிப்பொறிச் சாயலும்

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் இருதய மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மாரடைப்பு வந்து, சிகிச்சை பெற்று, சில நாட்களில் நலமாக வீடு திரும்புகிறவர்களை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். நோயாளி துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். அவருடைய மனைவியோ மகளோ அறைக்கு வெளியே வந்து, மெல்லிய குரலில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: "டாக்டர், இனி பயமில்லையே?"

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்வது எளிதல்ல. அந்தப் பதிலைத் தேடி மருத்துவர்களும் கணித மேதைகளும் நடந்து வந்த ஒரு நீண்ட பாதையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன். அந்தப் பாதை இப்பொழுது கணிப்பொறிக்குள் துடிக்கிற ஓர் இருதயத்தில் வந்து நிற்கிறது.

தழும்பு ஏன் ஆபத்தாகிறது?

மாரடைப்பில் இருதயத் தசையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போவது நின்றுவிடுகிறது. அந்தத் தசை மடிந்து, சில வாரங்களில் அந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. கையில் காயம் ஆறினால் தழும்பு வருவதில்லையா? அதைப் போலத்தான். தழும்பு சுருங்கி விரியாது. ஆகையால் இருதயம் இரத்தத்தைத் தள்ளும் வலிமை குறைகிறது. இது பலருக்கும் தெரிந்த செய்தி.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மெல்லிய மின் அலையால் நடைபெறுகிறது. தழும்பு அந்த அலையின் வழியை மாற்றிவிடுகிறது. மாதங்கள் கழித்தோ, ஆண்டுகள் கழித்தோ, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற மனிதர் திடீரென்று சரிந்து விழுகிறார். அவருடைய இருதயம் அந்த நேரத்தில் நின்றுபோகவில்லை. நிமிடத்திற்கு 200 தடவைக்கும் மேலாகத் துடித்து, பிறகு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கிறது. நடுங்குகிற இருதயம் இரத்தத்தைத் தள்ளாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

1960-களில் இஸ்ரவேலில் ஒரு மூத்த மருத்துவர் இப்படித்தான் இறந்தார். அவர் பெயர் ஹாரி ஹெல்லர். அவருக்கு இந்த வேகத் துடிப்பு பலமுறை வந்து போனது. அவரைத் தம் ஆசிரியராகக் கருதிய மிஷேல் மிரோவ்ஸ்கி என்பவருக்கு அந்த மரணம் ஆறாத துயரமாயிற்று. போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, போரில் தம் குடும்பத்தார் அனைவரையும் இழந்தவர் அவர். மின் அதிர்ச்சி கொடுத்து இருதயத்தைச் சரிசெய்யும் கருவி அந்நாளில் பெரும்பாலும் மருத்துவமனையில்தான் இருந்தது. அதை ஏன் உடலுக்குள்ளேயே வைக்கக்கூடாது என்று மிரோவ்ஸ்கி கேட்டார். பலர் அதை நடக்காத காரியம் என்றார்கள். 1980 பிப்ரவரி 4-ஆம் தேதி அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக அந்தக் கருவி பொருத்தப்பட்டது. இன்று அதை ஐ.சி.டி. என்று அழைக்கிறோம்.

கருவி யாருக்கு?

கருவி கிடைத்துவிட்டது. அதை யாருக்குப் பொருத்துவது? 2002-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வைச் சொல்லுகிறேன். முன்பு மாரடைப்பு வந்து, இருதயத்தின் தள்ளும் வலிமை 30 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ இருந்த 1232 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். சராசரியாக 20 மாதங்கள் அவர்களைக் கவனித்தார்கள். கருவி இல்லாதவர்களில் 19.8 சதவீதம் பேர் இறந்தார்கள். கருவி உள்ளவர்களில் 14.2 சதவீதம் பேர் இறந்தார்கள்.

இது பெரிய நன்மை, சந்தேகமில்லை. ஆனாலும் கணக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நூறு பேருக்குக் கருவி வைத்தால் அந்தக் காலத்திற்குள் ஏறக்குறைய ஆறு பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். மற்றவர்களில் அநேகருக்கு அது பயன்பட வாய்ப்பே வரவில்லை. ஆனால் அவர்களும் அறுவைச் சிகிச்சையையும், கிருமி தொற்றும் அபாயத்தையும், சில வேளைகளில் தேவையில்லாமல் பாய்கிற அதிர்ச்சியையும் சுமக்கிறார்கள். அந்த அதிர்ச்சி, நெஞ்சில் குதிரை உதைத்ததுபோல இருந்தது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நிலத்தை அடகு வைத்துச் செலவு செய்கிற குடும்பத்திற்கு இந்தக் கேள்வி இன்னும் கனமானது.

மறுபக்கமும் இருக்கிறது. வழிகாட்டு நெறிகள் பொதுவாக 35 சதவீதத்தை எல்லையாக வைக்கின்றன. திடீரென்று இறக்கிறவர்களில் பலர் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறவர்கள். அவர்களுக்குக் கருவியைப் பற்றி யாரும் பேசுவதேயில்லை.

காரணம் என்னவென்றால், தள்ளும் வலிமை என்பது தசையின் பலத்தைக் காட்டுகிற எண். தழும்புக்குள் மின்சாரம் எந்த வழியாய்ப் போகிறது என்பதை அது காட்டாது. ஒரே அளவு தழும்புள்ள இருவரில் ஒருவர் முப்பது ஆண்டுகள் வாழலாம். மற்றவர் நாளைக்கே சாயலாம். வேறுபாடு தழும்பின் அமைப்பில் இருக்கிறது.

புல்லும் நெருப்பும்

இதைப் புரிந்துகொள்ள, காய்ந்த புல்வெளியில் பரவும் நெருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இருதயத்தின் மின் அலையும் அப்படித்தான் ஓர் உயிரணுவிலிருந்து அடுத்த உயிரணுவுக்குப் பற்றிக்கொண்டு போகிறது. எரிந்த இடத்தில் உடனே மறுபடியும் எரியாது. புல் முளைக்க வேண்டும். இருதய அணுவுக்கும் அப்படி ஓர் ஓய்வு நேரம் உண்டு. ஆகவே நல்ல இருதயத்தில் அலை ஒரு தடவை பரவி, எரிய இடமில்லாமல் அணைந்துபோகிறது. அடுத்த துடிப்புக்குப் புதிய பொறி வருகிறது.

இப்பொழுது புல்வெளியின் நடுவே ஒரு பாறை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு அதன் இரண்டு பக்கமும் சென்று மறுபுறம் சந்தித்து அணைந்துவிடும். ஆனால் சரியான நேரம் தப்பி ஒரு பொறி விழுகிறது. ஒரு பக்கத்தில் புல் இன்னும் முளைக்கவில்லை என்று எண்ணுங்கள். நெருப்பு மறுபக்கமாக மட்டும் போகும். அது மெதுவாகச் சுற்றி வருவதற்குள் முதல் பக்கத்தில் புல் முளைத்துவிடும். அப்புறம் அந்த நெருப்பு பாறையைச் சுற்றிக்கொண்டேயிருக்கும். அதற்குப் புதிய பொறி தேவையில்லை. தழும்புள்ள இருதயத்தின் வேகத் துடிப்பு பெரும்பாலும் இந்தச் சுற்றோட்டம்தான்.

இதை முதலில் கண்டது மனித இருதயத்தில் அல்ல. 1906-இல் ஆல்ஃபிரட் மேயர் என்ற கடல் ஆராய்ச்சியாளர், ஜெல்லி மீனின் உடலிலிருந்து வெட்டிய வளையத்தில் ஒரு துடிப்பு நில்லாமல் சுற்றுவதைக் கண்டார். பிறகு ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் என்ற இளம் விஞ்ஞானி, 1913-லும் 1914-லும் இருதயத் தசை வளையங்களில் அதையே காட்டினார். வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் சுற்று நின்றுவிடும் என்பதே அது உண்மையான சுற்று என்பதற்குச் சோதனை என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வையுங்கள். பிறகு திரும்பி வருகிறேன்.

1946-இல் நார்பர்ட் வீனர் என்ற கணித மேதையும் ஆர்ட்டுரோ ரோசன்புளூத் என்ற மருத்துவ விஞ்ஞானியும், ஒரு தடையைச் சுற்றி இப்படி அலை ஓடுவதைக் கணிதத்தில் எழுதினார்கள். மெக்சிகோவின் இருதயவியல் கழக இதழில் அது வெளியாயிற்று.

உண்மையான தழும்பு வெறும் பாறையும் அல்ல. பாறைக்குள் வெடிப்புகள் இருப்பதுபோல, செத்த திசுவின் நடுவே பிழைத்துக்கொண்ட மெல்லிய தசை இழைகள் ஓடுகின்றன. 1993-இல் ஹாலந்து தேசத்து ஆய்வாளர்கள், மாரடைப்பு வந்த மனித இருதயத் திசுவில் மின் அலை இந்த இழைகள் வழியாக வளைந்து நெளிந்து போவதைக் காட்டினார்கள். இழைக்குள் அலையின் வேகம் அவ்வளவு குறையவில்லை. வழிதான் சுற்றுவழி. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைப்போல, பக்கத்து இடத்துக்குப் போகவே அதிக நேரம் ஆகிறது. அந்தத் தாமதமே மறுபக்கத்தில் புல் முளைக்க அவகாசம் கொடுக்கிறது.

சோதித்துப் பார்ப்பதிலுள்ள ஆபத்து

இப்படிப்பட்ட வழி ஒருவருடைய தழும்பில் இருக்கிறதா என்று எப்படி அறிவது? ஹாலந்தில் வெல்லன்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1972-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். இரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை இருதயத்துக்குள் செலுத்தி, சீராகச் சில மின்தூண்டல்கள் கொடுக்க வேண்டும். பிறகு சற்று முந்தி ஒரு தூண்டல் கொடுக்க வேண்டும். சுற்றுவழி இருந்தால் வேகத் துடிப்பு கிளம்பிவிடும். அதே கம்பியால் தகுந்த நேரத்தில் தூண்டினால் பல வேளைகளில் அதை நிறுத்தவும் முடியும்.

ஆபத்தைக் கண்டுபிடிக்க ஆபத்தையே வரவழைப்பது இந்தச் சோதனை. அதிர்ச்சிக் கருவியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டுதான் செய்வோம். சில இடங்களிலிருந்து மட்டுமே தூண்ட முடியும். நோயாளி களைத்துப்போவார். நூறு தடவை வெவ்வேறு விதமாகச் செய்து பார்க்க எந்த நல்ல மருத்துவரும் துணியமாட்டார்.

அந்த மனிதரைத் தொடாமல், அவருடைய இருதயத்தின் சாயலைச் செய்து, அதன்மேல் இந்தச் சோதனையை நடத்த முடியுமானால்?

கணக்கில் துடித்த இருதயம்

1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கில விஞ்ஞானிகள், கணவாய் மீனின் பருத்த நரம்பில் மின்சாரம் பாய்வதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். சோடியமும் பொட்டாசியமும் அணுவின் சுவரைக் கடந்து உள்ளும் வெளியும் போவதே அந்த மின்சாரம். ஹக்ஸ்லி அந்தக் கணக்கைக் கையால் சுழற்றும் இயந்திரத்தில் போட்டார். இருவருக்கும் 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

லண்டனில் ஆராய்ச்சி மாணவராயிருந்த டெனிஸ் நோபிள், அந்தச் சமன்பாடுகளை இருதய அணுவுக்கு ஏற்றபடி மாற்றினார். லண்டன் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த மெர்குரி என்ற கணிப்பொறியில் அவருக்குக் கிடைத்த நேரம் பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை! 1960-இல் அவருடைய கட்டுரை வெளியாயிற்று. வெறும் எண்களிலிருந்து இருதய அணுவின் துடிப்பு எழும்பியது. அன்று ஒரே ஓர் அணு. பிறகு வந்தவர்கள் கால்சியத்தையும் மற்ற ஓட்டங்களையும் சேர்த்தார்கள், கணிப்பொறிகள் பலத்தன, அணுக்கள் சேர்ந்து திசுவாகி, திசு முழு இருதயமாயிற்று.

சாயலை எப்படிச் செய்கிறார்கள்?

நோயாளிக்கு ஒரு மருந்தை நரம்பு வழியாகச் செலுத்தி, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்கள். கடோலினியம் கலந்த அந்த மருந்து தழும்பில் அதிக நேரம் தங்கும். ஆகவே படத்தில் தழும்பு வெளுப்பாகவும், நல்ல தசை கறுப்பாகவும் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறமான ஓர் ஓரம் உண்டு. பிழைத்த இழைகளும் செத்த திசுவும் கலந்த இடம் அதுதான்.

இந்தப் படங்களிலிருந்து கணிப்பொறி அந்த நோயாளியின் கீழறைகளை அதே வடிவில், அதே தழும்போடு கட்டியெழுப்புகிறது. இருதயச் சுவர் பல இலட்சம் புள்ளிகளாகப் பிரிக்கப்படுகிறது. தசை நார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதும் சேர்க்கப்படுகிறது; ஏனென்றால் மின் அலை நாரின் நீளவாக்கில் விரைவாகவும் குறுக்கே மெதுவாகவும் போகும். நல்ல தசைக்கு ஒரு குணம், சாம்பல் ஓரத்துக்கு வேறு குணம், தழும்புக்கு மின்சாரமே இல்லை. இவ்வளவும் கொடுத்தபின், தூண்டல் கொடுத்துப் பார்க்கலாம்.

இந்தப் பணியில் முன்னணியில் நிற்பவர்களில் ஒருவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை நடாலியா ட்ரயானோவா. அவருடைய குழு 2016-இல் 41 நோயாளிகளின் சாயல்களைப் பற்றி எழுதியது. ஒவ்வொரு சாயலையும் 19 இடங்களிலிருந்து தூண்டிப் பார்த்தார்கள். இடது கீழறையில் 17 இடம், வலதில் 2 இடம். எந்தச் சாயலில் சுற்றோட்டம் கிளம்பியது என்று குறித்துக்கொண்டு, அந்த நோயாளிகளுக்குப் பிற்காலத்தில் உண்மையில் என்ன நேர்ந்தது என்ற பதிவோடு ஒப்பிட்டார்கள். தள்ளும் வலிமை முதலான வழக்கமான அளவுகோல்களைவிடச் சாயல் நன்றாகக் கணித்திருந்தது.

மைன்ஸ் சொன்ன வாக்கியத்துக்கு இப்பொழுது வருவோம். வளையத்தை வெட்டினால் சுற்று நிற்கும். காட்டுத் தீ பரவாமலிருக்க வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள் அல்லவா? அதேபோல, கம்பியின் நுனியால் சுற்றுவழியின் குறுகலான இடத்தைச் சுட்டு மூடுவது ஒரு சிகிச்சை. கஷ்டம் என்னவென்றால், அந்த இடத்தைத் தேடுவதற்கே பல மணி நேரம் ஆகும். 2018-இல் அதே குழு, சுடவேண்டிய இடத்தைச் சாயலில் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியது. 21 பேருக்கு முன்பே நடந்த சிகிச்சைகளோடு ஒப்பிட்டார்கள். பிறகு 5 பேருக்கு, சாயல் காட்டிய இடங்களையே வழிகாட்டியாக வைத்துச் சிகிச்சை நடந்தது.

தூண்டல் உயிர் காக்கும், தவறினால் கெடுக்கும்

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான். மின்தூண்டல் தன்னில் தானே நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதே காரியம்.

உடலுக்குள் வைக்கும் கருவி எப்பொழுதும் அதிர்ச்சிதான் கொடுக்கும் என்று எண்ணவேண்டாம். வேகத் துடிப்பைக் கண்டவுடன் பல வேளைகளில் அதைவிடச் சற்று வேகமாகச் சில சிறு தூண்டல்களை முதலில் அனுப்புகிறது. காட்டுத் தீக்கு முன்பாக எதிர்த்தீ வைப்பதை அறிந்திருப்பீர்கள். எதிரே இருக்கிற புல் எரிந்துவிட்டால், வருகிற தீக்கு இடமில்லை. அதே தத்துவம். நோயாளிக்கு வலியே தெரியாமல் சுற்று அணைந்துவிடும். ஆனால் நேரம் பிசகினால் அதே தூண்டல் துடிப்பை இன்னும் மோசமாக்கவும் கூடும்.

இடத்தைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு. பலவீனமான இருதயத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுருங்கும்படி, இடது கீழறையிலும் சேர்த்துத் தூண்டல் கொடுக்கும் பேஸ்மேக்கர் இருக்கிறது. அது அநேகருக்கு மூச்சுத் திணறலைக் குறைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கம்பி தழும்பின் அருகில் அமைந்தால்? லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2019-இல் இதைச் சாயல்களில் சோதித்தார்கள். தழும்பின் பக்கத்தில் தூண்டியபோது, அடுத்தடுத்த பகுதிகள் ஓய்வெடுத்து மீளும் நேரத்தில் வித்தியாசம் அதிகமாயிற்று. ஒரு பக்கம் புல் முளைத்து மறுபக்கம் முளைக்காத நிலை அது. தூரத்தில் தூண்டியபோது அந்த வித்தியாசம் குறைந்தது. உயிருள்ள நோயாளியில் கம்பியைத் தழும்புக்குப் பக்கத்தில் வைத்தும் தள்ளி வைத்தும், ஆபத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சாயலில் முடியும். அது எத்தனை தடவை விழுந்தாலும், மறுபடி முதலிலிருந்து எழுப்பலாம்.

நிதானமும் வேண்டும்

உங்களுக்கு மிகைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. 41 பேர், 21 பேர், 5 பேர் என்பவை சிறிய எண்ணிக்கைகள். ஸ்கேன் தெளிவாக இல்லாவிட்டால் சாயலும் தவறாக இருக்கும். ஏற்கெனவே உள்ளே கருவி இருந்தால் அதன் உலோகம் படத்தைக் கெடுக்கக்கூடும். மெல்லிய இழைகள் எல்லாம் படத்தில் தெரிவதில்லை. பதற்றம், காய்ச்சல், மருந்து, உப்புச் சத்துக்களின் ஏற்றத் தாழ்வு ஆகியவற்றால் உண்மையான இருதயம் நாளுக்கு நாள் மாறுகிறது. சாயலோ படம் எடுத்த நாளிலேயே நிற்கிறது. ஆகவே அது மருத்துவருக்கு ஆலோசனை சொல்லும்; தீர்ப்பு சொல்லாது.

உரை முடிந்தபின் சிலர் கேட்ட கேள்விகளும் பதில்களும்:

மாரடைப்பு வந்த எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை தேவையா?

இல்லை. இது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையங்களில்தான் நடைபெறுகிறது. தள்ளும் வலிமையை எக்கோ பரிசோதனையால் அறிவதும், மருந்துகளைத் தவறாமல் எடுப்பதுமே இன்றைக்கும் அடிப்படை.

குடும்பத்தார் எதைக் கவனிக்க வேண்டும்?

மாரடைப்பு வந்து போனவர் மயங்கி விழுந்தால், தானாக எழுந்துவிட்டாலும், அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். காரணமில்லாத படபடப்பையும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நலமாயிருக்கிறது என்று மருந்தை நிறுத்தாதீர்கள். ஒருவர் நினைவின்றி, சரியாக மூச்சு விடாமல் கிடந்தால், உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டேயிருங்கள். இதை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும்.

"இனி பயமில்லையே?" என்று கேட்கிறவருக்கு நீங்கள் இன்று என்ன பதில் சொல்வீர்கள்?

"உங்கள் கணவரைப் போன்ற நூறு பேரில் இத்தனை பேருக்கு ஆபத்து" என்றுதான் இன்று எங்களால் சொல்ல முடிகிறது. அந்த அம்மாள் கேட்டது நூறு பேரைப் பற்றி அல்ல, ஒருவரைப் பற்றி. அவருடைய தழும்பை, அவருடைய இருதயத்தின் சாயலிலேயே பார்த்து, அவருக்கென்று ஒரு பதில் சொல்லும் நாளை நோக்கித்தான் இந்த முயற்சி எல்லாம். அந்த நாள் வரும்வரை, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லி, அவர்கள் பக்கத்தில் நிற்பதே எங்கள் கடமை.